கணினி முகவர்கள் பேசிக்கொள்ளட்டும். கணக்குப் புத்தகம் யாரிடம்?

(ஜொகூர் பாருவில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு கொஞ்சம் நீளமானது. செயற்கை நுண்ணறிவு முகவர்கள், தங்களுக்கு மேல் ஒரு தலைமை இல்லாமல், நிகழ்வுகளை அறிவிப்பதன் மூலமாகவே ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளும் முறை. படிக்கும்போதே மூச்சு வாங்குகிறது. ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. கணினி வருவதற்கு முன்பே நாம் அதைப் பார்த்திருக்கிறோம்.

விடியற்காலை ஐந்து மணி. பெரட்டு மணி அடிப்பதற்கு முன்பே மழை பிடித்துக்கொள்கிறது. இன்றைக்குப் பால்வெட்டு இல்லை என்று யார் யாரிடம் சொன்னார்கள்? துரை சொல்லவில்லை. கிராணியும் சொல்லவில்லை. மரம் நனைந்தால் வெட்ட முடியாது என்று தெரிந்த தொழிலாளி கத்தியை எடுத்து வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தார். பால் லோரி ஓட்டுநர் வண்டியைக் கிளப்பவில்லை. பால் ஸ்டோரில் நிறுப்பவர் தராசைத் தொடவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, இன்று யாரும் சீக்கிரம் வரமாட்டார்கள் என்று அடுப்பை மெதுவாகப் பற்றவைத்தார்.

நடந்தது ஒரே ஒரு நிகழ்வு. அது எல்லார் காதிலும் விழுந்தது. அவரவர் தம் வேலைக்கு ஏற்றபடி முடிவு எடுத்தார்கள். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை.

அதே தோட்டத்தில் இன்னொரு முறையும் இருந்தது. துரை கிராணிக்குச் சொல்வார். கிராணி மண்டோருக்குச் சொல்வார். மண்டோர் தொழிலாளிக்குச் சொல்வார். கிராணி காய்ச்சலில் படுத்துவிட்டால் ஒரு டிவிஷனுக்கே சேதி போகாது. முன்னது நிகழ்வு முறை. பின்னது உத்தரவு முறை. இன்று கணினி உலகம் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று யோசித்துக்கொண்டிருக்கிறது. அந்த யோசனையில் நமக்கு, குறிப்பாக ஜொகூரில் வாழும் நமக்கு, ஒரு பங்கு உண்டு என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முகவர் என்பது யார்?

காப்புறுதி முகவர், நில முகவர் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். ஒருவருக்காக இன்னோர் இடத்தில் போய்ப் பேசி, வேலையை முடித்துக்கொண்டு வருகிறவர் முகவர். மென்பொருள் முகவரும் அப்படித்தான். அது ஒரு நிரல். ஒரு குறிக்கோளைக் கொடுத்துவிட்டால், நிலைமையைப் பார்த்து, தானே அடுத்த அடியை எடுத்துவைக்கும். அது மனிதர் அல்ல என்பதால் 'அது' என்றே சொல்கிறேன்.

ஒரு முகவர் தனியாக இருக்கும்வரை சிக்கல் குறைவு. பல முகவர்கள் சேர்ந்து ஒரு வேலையை முடிக்க வேண்டும் என்றால் அவை பேசிக்கொள்ள வேண்டும். எந்த மொழியில், எந்த முறையில் என்பது பழைய கேள்வி. 1990களிலேயே முகவர்களுக்கான பொது மொழிகளை ஆராய்ச்சியாளர்கள் வகுத்தார்கள். 2025 ஏப்ரலில் கூகல் நிறுவனம், வெவ்வேறு நிறுவனங்களின் செயற்கை நுண்ணறிவு முகவர்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான ஒரு பொது விதிமுறையை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூனில் அது லினக்ஸ் அறக்கட்டளையின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. ஆக, ஆய்வுக்கூடத்தில் இருந்த பேச்சு இப்போது கடைத்தெருவுக்கு வந்திருக்கிறது.

கிண்டியில் படித்தவரின் கரும்பலகை

நிகழ்வை அறிவித்து வேலை செய்யும் முறைக்குச் செயற்கை நுண்ணறிவில் முன்னோடியாக நின்றவர்களில் ஒருவர் ராஜ் ரெட்டி. ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1937ஆம் ஆண்டு பிறந்து, சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958ஆம் ஆண்டு பட்டம் பெற்றவர். பின்னர் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் படித்து, கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். கணினித் துறையின் மிக உயர்ந்த டூரிங் விருது 1994ஆம் ஆண்டு அவருக்குப் பகிர்ந்து வழங்கப்பட்டது. ஆசிய வம்சாவளியைச் சேர்ந்த ஒருவர் அந்த விருதைப் பெற்றது அதுவே முதல் முறை.

1970களில் அவரும் அவருடைய குழுவினரும் மனிதர் பேசுவதைக் கணினி புரிந்துகொள்ளச் செய்ய முயன்றார்கள். அந்த முயற்சியில் பிறந்த ஒரு மென்பொருளின் பெயர் ஹியர்சே-2. ஏறக்குறைய 1,000 சொற்களைக் கொண்ட பேச்சை அது கையாண்டது. அதன் உள்ளமைப்புதான் நம் தலைப்புக்கு வேண்டியது. ஒலியை அறிந்த பகுதி ஒன்று, அசையை அறிந்த பகுதி ஒன்று, சொல்லை அறிந்த பகுதி ஒன்று, வாக்கிய அமைப்பை அறிந்த பகுதி ஒன்று. இவை ஒன்றையொன்று கூப்பிடுவதில்லை. நடுவில் ஒரு கரும்பலகை. ஒலிப்பகுதி தனக்குத் தோன்றியதைப் பலகையில் எழுதும். அதைக் கண்டு அசைப்பகுதி விழித்துக்கொண்டு தன் ஊகத்தை எழுதும். அதைக் கண்டு சொற்பகுதி விழிக்கும். பலகையில் ஏற்படும் மாற்றம்தான் நிகழ்வு. எழுதியவருக்குப் படிக்கப்போகிறவர் யார் என்று தெரிய வேண்டியதில்லை.

இதனால் என்ன நன்மை? நாளைக்குப் புதிதாக ஒரு பகுதியைச் சேர்க்க வேண்டுமானால், பழைய பகுதிகள் எதையும் மாற்ற வேண்டாம். புதியவர் வந்து பலகையைப் பார்க்கத் தொடங்கினால் போதும். நாளிதழுக்குச் சந்தா கட்டுகிறோமே, அதைப்போல. செய்தி எழுதுகிறவருக்கு வாசகரின் பெயர் தெரியாது. வாசகர் சேர்வதாலோ விலகுவதாலோ செய்தி எழுதுவது நிற்பதில்லை.

பலகை விழுந்தால்?

இந்த ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. பலகை ஒன்றே ஒன்று. பலகையில் எழுந்த ஊகங்களில் எதை முதலில் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்ய ஹியர்சே-2இலும் ஒரு மையப் பகுதி இருந்தது. மையம் விழுந்தால் எல்லாம் விழும்.

இதை நாம் நேரில் கண்டிருக்கிறோம். 2019 ஆகஸ்டு மாதம் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் கணினி வலையமைப்பு செயலிழந்தது. பயணிகளைப் பதிவு செய்வது, பயணப் பெட்டிகளைக் கையாள்வது, விமான விவரத் திரைகள் எல்லாம் பல நாள் தடுமாறின. விமானங்கள் ஓடுபாதையில் நலமாக நின்றன. விமானிகளும் இருந்தார்கள். சேதி போகும் வழிதான் அடைபட்டது. விமான விவரங்களைக் கையால் வெள்ளைப் பலகையில் எழுதி வைக்க வேண்டியதாயிற்று. 2024 ஜூலை 19ஆம் நாள் ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பினால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. ஓர் இடத்தில் செய்த பிழை, ஒரே நாளில் உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது.

ஆகவேதான் பரவலாக்கம் என்ற எண்ணம் வருகிறது. ஒரே பலகைக்குப் பதிலாக, ஒவ்வோர் இடத்திலும் ஒரு சிறு பலகை. ஒன்றில் எழுதியதை அடுத்தது வாங்கி வைத்துக்கொள்ளும். ஒன்று விழுந்தாலும் மற்றவற்றில் சேதி இருக்கும். எந்தப் பலகைக்கும் மற்றதன்மேல் அதிகாரம் கிடையாது.

ஜொகூருக்கு ஏன் இது பொருந்தும்?

இதற்கு ஜொகூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்பேன். காரணம், இங்கே ஒரே தலை என்பது நடக்காத காரியம். 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாலத்தின் இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் இன்னொரு நாடு. 1998ஆம் ஆண்டு துவாஸ் பக்கம் இரண்டாவது இணைப்பும் வந்தது. இரண்டு சுங்கத்துறை, இரண்டு குடிநுழைவுத்துறை, இரண்டு சட்டம். 2025 ஜனவரி 7ஆம் நாள் ஜொகூர் - சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கான உடன்பாடு பரிமாறிக்கொள்ளப்பட்டது. பொருள்கள் எல்லையைத் தாமதமின்றிக் கடக்க வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. ஆனாலும் எந்த நாடும் தன் சுங்க முடிவை மற்ற நாட்டின் கணினியிடம் ஒப்படைக்காது, ஒப்படைக்கவும் கூடாது. அப்படியானால் மிஞ்சுவது ஒரே வழி. அவரவர் முடிவு அவரவரிடம் இருக்க, நடந்ததை மட்டும் ஒருவருக்கொருவர் அறிவித்துக்கொள்வது.

தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். பூலாய் ஆற்று முகத்துவாரத்தில் 1999ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கியது. 2000ஆம் ஆண்டு மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் தன் வட்டார மையத்தைச் சிங்கப்பூரிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டது. 2024ஆம் ஆண்டு 20 அடிக் கொள்கலன் கணக்கில் 1 கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமாக இங்கே கையாளப்பட்டது. இவற்றில் பெரும்பகுதி ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொரு கப்பலில் ஏறிப் போகிறவை. மீதிதான் லோரியில் ஏறி நம் சாலைக்கு வருகின்றன.

எடுத்துக்காட்டுக்குச் சொல்கிறேன். ஒரு கப்பல் ஆறு மணி நேரம் தாமதமாகிறது. உத்தரவு முறையில், மையக் கணினி ஒன்று பாரந்தூக்கிக்கும் கொள்கலன் அடுக்கும் இடத்துக்கும் லோரிக்கும் குளிர்பதனக் கிடங்குக்கும் தனித்தனியே சொல்ல வேண்டும். ஒருவரை மறந்தால் அவருக்கு நட்டம். நிகழ்வு முறையில், 'இந்தக் கப்பல் இத்தனை மணிக்கு வரும்' என்று ஓர் அறிவிப்பு. பாரந்தூக்கியின் முகவர் தன் அட்டவணையைத் திருத்தும். கிடங்கின் முகவர் ஆள்களின் நேரத்தை மாற்றும். லோரியின் முகவர் வேறொரு நடைக்கு வண்டியை அனுப்பும். அதுதான் தோட்டத்து மழை.

அடுத்து, 'கொள்கலன் இறங்கிவிட்டது, சிகாமட்டுக்கு ஏற்றிச் செல்ல யார் தயார்?' என்று ஓர் அறிவிப்பு வருகிறது. தயாராக உள்ள முகவர்கள் விலை சொல்கின்றன. ஒன்றுக்கு வேலை கிடைக்கிறது. இந்த முறையை 1980ஆம் ஆண்டிலேயே ரீட் ஸ்மித் என்ற ஆராய்ச்சியாளர் கணினிகளுக்கு வகுத்துக் கொடுத்தார். அறிவிப்பு, ஏலம், ஒப்படைப்பு என்று மூன்றே படிகள். குத்தகை விடுகிற முறைதான்.

கேட்கும் காது யாருடையது?

இங்கேதான் நான் ஒரு கணம் நிறுத்துகிறேன். அந்த அறிவிப்பு யார் காதில் விழும்? 300 லோரி வைத்திருக்கும் நிறுவனத்தின் காதில் மட்டும் விழுந்து, மாசாயில் மூன்று லோரி வைத்திருக்கும் நம்மவரின் காதில் விழாவிட்டால், தலைவன் இல்லாத முறை என்று பெயர் இருந்து என்ன பயன்? உத்தரவு போய் அறிவிப்பு வந்ததும் அதிகாரம் மறைந்துவிடுவதில்லை. அது இடம் மாறுகிறது. உத்தரவு போடுகிறவரிடம் இருந்த அதிகாரம், அறிவிப்பை யார் கேட்கலாம் என்று முடிவு செய்கிறவரிடமும், நடந்ததைக் குறித்து வைத்திருக்கிறவரிடமும் போய்ச் சேருகிறது.

எனக்குத் தெரிந்த லோரிக்காரர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பெயர்கள் வேண்டாம். ஒரு நாள் காலை அவருடைய கைப்பேசிக்கு ஒரு நடை கிடைத்ததாகச் சேதி வந்தது. எண்ணெய் நிரப்பிக்கொண்டு வண்டியை அனுப்பினார். வாசலில் போய் நின்றபோது, அந்த நடை வேறொருவருக்குப் போய்விட்டது என்றார்கள். மூன்று அலுவலகங்களுக்குத் தொலைபேசியில் பேசினார். மூன்று இடத்திலும் ஒரே பதில்: "அண்ணே, சிஸ்டம் மாத்திருச்சு. நாங்க ஒண்ணும் பண்ண முடியாது." மாலையில் என்னிடம் வந்து கேட்டார்: "சார், அந்த சிஸ்டத்துக்கு வீடு எங்க இருக்கு? நான் நேர்ல போய்க் கேக்குறேன்."

சிரிப்பாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முன்பின் தெரிய வேண்டும்

அவருக்கு என்ன நடந்திருக்கலாம் என்று யோசித்தால், இந்த முறையின் நோய்கள் ஒவ்வொன்றாகத் தெரியும்.

முதல் நோய், சேதிகள் முன்பின்னாக வருவது. தலைமை இல்லாத இடத்தில் பொதுக் கடிகாரமும் இல்லை. 'கப்பல் தாமதம்' என்ற சேதியும், அதனால் 'லோரி நேரம் மாறியது' என்ற சேதியும் கிடங்குக்குத் தலைகீழாக வந்து சேரலாம். இதற்கு 1978ஆம் ஆண்டு லெஸ்லி லாம்போர்ட் என்ற அறிஞர் எளிய மருந்து சொன்னார். மணி பார்க்க வேண்டாம், எண் போடுங்கள். ஒவ்வொருவரும் தம் சேதிக்கு வரிசை எண் போட வேண்டும். அடுத்தவரிடமிருந்து 7ஆம் எண் சேதி வந்தால், அதைக் கேட்டபின் நான் அனுப்புவது 8 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். காரணத்தின் எண் எப்போதும் விளைவின் எண்ணைவிடச் சிறியதாகவே இருக்கும். 8 முதலில் வந்து 7 பின்னால் வந்தாலும், எதை முதலில் வைத்துப் படிப்பது என்பதில் குழப்பம் இல்லை.

இரண்டாவது நோய், ஒரே சேதி இரண்டு முறை வருவது. போய்ச் சேர்ந்ததா என்ற ஐயத்தில் அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். வாங்குகிறவர் கவனிக்காவிட்டால் ஒரு கொள்கலனுக்கு இரண்டு லோரி போய் நிற்கும். ஒவ்வொரு நிகழ்வுக்கும் தனி அடையாள எண் இருந்து, அதே எண் மறுபடி வந்தால் ஒதுக்கிவிட வேண்டும். தோட்டத்து செக்ரோலில் ஒருவர் பெயரை ஒரு நாளைக்கு இரண்டு முறை குறிக்கமாட்டார்கள் அல்லவா?

மூன்றாவது நோய் பொய்ச்சேதி. 1982ஆம் ஆண்டு இதே லாம்போர்ட் இரண்டு சகாக்களுடன் சேர்ந்து, படைத்தளபதிகளை வைத்து ஒரு புதிர் எழுதினார். தளபதிகளில் ஒருவர் துரோகி. மற்றவர்கள் எப்படி ஒரே முடிவுக்கு வருவது? வாய்ச்சொல்லாகச் சேதி போனால், ஒரு துரோகியைச் சமாளிக்க மொத்தம் குறைந்தது நான்கு பேர் வேண்டும். திருத்த முடியாத கையொப்பம் இட்ட சேதியானால் மூன்று பேர் இருந்தாலே போதும். கையொப்பத்தின் மதிப்பு அவ்வளவு. மலேசியா 1997ஆம் ஆண்டிலேயே மின்னியல் கையொப்பத்துக்கு ஒரு சட்டம் இயற்றிய நாடு. ஆகவே இதற்கு நாம் வெளியே போய்த் தேட வேண்டியதில்லை.

நான்காவது நோய் இன்றைய செயற்கை நுண்ணறிவுக்கே உரியது. இப்போதைய முகவர்கள் மனித மொழியைப் படிக்கின்றன. 'மழை பெய்கிறது' என்பது சேதி. 'மழை பெய்கிறது, ஆகவே ஸ்டோர் சாவியை இவரிடம் கொடுத்துவிடு' என்பது சேதிக்குள் ஒளிந்து வரும் உத்தரவு. விவரம் தெரிந்த ஸ்டோர்க்காரர் சிரித்துவிட்டுப் போவார். மென்பொருள் முகவர் அதை நம்பிச் சாவியைக் கொடுத்துவிடக்கூடும். இந்த வகைத் தாக்குதல் உண்மையிலேயே இருக்கிறது. பொறியாளர்கள் அதனோடு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். சேதியைச் சேதியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பணம், சாவி, கையொப்பம் ஆகியவற்றைத் தொடும் காரியத்துக்கு ஒரு மனிதரின் சம்மதம் வேண்டும் என்ற விதி இல்லாமல் இவற்றைத் தெருவுக்கு விடக்கூடாது.

ஐந்து விநாடி நிறுத்தம்

ஐந்தாவது நோய்தான் எல்லாவற்றிலும் கொடியது. எதிரொலி. ஒன்றின் அறிவிப்பைக் கேட்டு இன்னொன்று பதறி, அதன் பதற்றத்தைக் கேட்டு முதலாவது மறுபடி பதறுவது.

2010 மே 6ஆம் நாள் அமெரிக்கப் பங்குச் சந்தையில் இது நடந்தது. டௌ ஜோன்ஸ் குறியீடு அன்று ஏறக்குறைய 1,000 புள்ளி வரை சரிந்தது; அதில் பெரும்பகுதி சில நிமிடங்களில் நடந்து, உடனே பெரும்பகுதி மீண்டது. அரசாங்க விசாரணை அறிக்கை பின்னர் விவரம் சொன்னது. ஒரு கட்டத்தில், வெறும் 14 விநாடிகளில், வேகமாக வாணிபம் செய்யும் கணினி நிரல்கள் 27,000க்கும் மேற்பட்ட ஒப்பந்தங்களைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொண்டன. நிகரமாக வாங்கியதோ சுமார் 200 மட்டும். சூடான கிழங்கைக் கைக்குக் கை தள்ளிவிட்ட கதை. எந்த நிரலும் தனியாகப் பார்த்தால் தவறு செய்யவில்லை. ஒவ்வொன்றும் தான் கேட்டதற்கு ஏற்பத்தான் நடந்தது.

அதை நிறுத்தியது எது தெரியுமா? சிகாகோ சந்தையில் இருந்த ஒரு தானியங்கித் தடை. வாணிபத்தை ஐந்து விநாடி நிறுத்தியது. ஐந்தே விநாடி! அதன்பின் விலை நிலைப்பட்டு மீளத் தொடங்கியது. எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தும்போது, யாராவது ஒருவர் கையைத் தூக்கி 'கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்ல வேண்டும். அந்த ஏற்பாடு முன்கூட்டியே இருக்க வேண்டும். கத்தல் தொடங்கிய பிறகு ஏற்படுத்த முடியாது.

தலைமை வேண்டாம் என்று சொல்லிவிட்டு இப்போது தடை வேண்டும் என்கிறீர்களே, முரண் இல்லையா என்று நண்பர்கள் கேட்கலாம். முரண் இல்லை. அன்றாட வேலைக்கு ஒரு தலை வேண்டாம். ஆபத்துக்கு ஒரு மணி வேண்டும். மணியடிக்கிறவர் தோட்டத்தை ஆளுகிறவர் அல்லவே.

செக்ரோல் புத்தகம்

கடைசியாக, பொறுப்பைப் பற்றி. தோட்டத்தில் பேர்ப்பதிவுப் புத்தகத்தை செக்ரோல் என்போம். அதில் பெயர் விடுபட்டால் அன்றைய கூலி போயிற்று. என் தகப்பனாருக்கு ஒருமுறை அப்படி ஆனது. மாலையில் அலுவலக வராந்தாவில் போய் நின்றார். நானும் கூடப் போயிருந்தேன். கிராணி முகம் சுளித்தார். இருந்தாலும் புத்தகத்தைத் திறந்தார். அந்த நாள், அந்தப் பக்கம், அந்த வரிசை. மண்டோரைக் கூப்பிட்டுக் கேட்டார். தவறு தெரிந்தது. பெயரை எழுதினார். அந்தப் புத்தகம் நம்மைக் கட்டிப்போட்ட புத்தகம்தான்; அதை நான் புகழவில்லை. ஆனால் அதற்கு ஒரு மேசை இருந்தது. மேசைக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். போய்க் கேட்க ஒரு வராந்தா இருந்தது.

என் லோரிக்கார நண்பருக்கு இல்லாமற்போனது அந்த வராந்தா. நிகழ்வு முறையில் அதை அமைப்பது முடியாத காரியமல்ல. சொல்லப்போனால் உத்தரவு முறையைவிட எளிது. ஒவ்வொரு நிகழ்வும் எண்ணோடும் கையொப்பத்தோடும் அழியாமல் பதிவாகியிருந்தால், அன்று காலை எந்த முகவர், எந்தச் சேதியைக் கேட்டு, அவருடைய நடையைப் பறித்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்துவிடலாம். பார்க்கும் உரிமையை அவருக்குக் கொடுப்பதா இல்லையா என்பதே கேள்வி. அது பொறியியல் கேள்வியல்ல. நம்மைப் போன்றவர்கள் கேட்டுப் பெற வேண்டியது.

ஆகவே மூன்று கோரிக்கைகளை இந்த அரங்கில் வைக்கிறேன். ஒன்று, துறைமுகத்திலும் எல்லையிலும் இத்தகைய முறை வரும்போது, வேலைக்கான அறிவிப்பைச் சிறு தொழில் செய்கிறவரும் கேட்கும்படி பொது விதிமுறையில் அமைக்க வேண்டும். இரண்டு, ஒவ்வொரு முகவருக்கும் பின்னால் பெயரும் முகவரியும் உள்ள ஒரு மனிதரோ நிறுவனமோ பொறுப்பேற்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் கேட்டால் பதிவைக் காட்ட வேண்டும். மூன்று, எதிரொலி கிளம்பினால் நிறுத்துவதற்கான தடை முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். அதைச் சோதித்தும் பார்க்க வேண்டும்.

இந்த விதிகள் எழுதப்படும் மேசையில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும். கூலாய் அருகே ஒரு காலத்தில் செம்பனைத் தோட்டமாக இருந்த 600 ஹெக்டருக்கும் மேற்பட்ட நிலத்தில் இன்று தரவு மையப் பூங்கா எழுந்திருக்கிறது. செடெனாக் பக்கமும் அதே காட்சி. தோட்டம் இருந்த மண்ணில் இப்போது கணினிகள் இரவும் பகலும் பேசிக்கொண்டிருக்கின்றன. அந்தக் கட்டடங்களில் காவலுக்கும் துப்புரவுக்கும் மட்டும் நாம் போனால் போதாது. அங்கே என்ன பேசப்படுகிறது, எந்த விதியில் பேசப்படுகிறது என்று தெரிந்தவர்களாகப் போக வேண்டும். பெரிய படிப்பு வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். எண் போடுவது, கையொப்பம் பார்ப்பது, கணக்கை அழிக்காமல் வைப்பது, ஆபத்தில் மணி அடிப்பது - நான் இதுவரை சொன்னதன் சாரம் இவ்வளவே.

என் நண்பர் இன்னும் அதே மூன்று லோரியை ஓட்டிக்கொண்டிருக்கிறார். அந்த நடைக்கான எண்ணெய்ச் செலவு அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. ஏன் பறிபோனது என்ற காரணமும் இன்றுவரை தெரியவில்லை. பணம் போனதைவிடக் காரணம் தெரியாததுதான் தன்னை உறுத்துகிறது என்கிறார். முகவர்கள் பேசிக்கொள்ளட்டும், வேலை விரைவாக நடக்கட்டும். ஆனால் ஏன் என்று கேட்க வருகிறவருக்குத் திறந்து காட்ட ஒரு புத்தகம் இருக்கட்டும்.